ரீச்சருக்கு ஓர் இருக்கை

இன்று காலை நெடுங்கேணியிலிருந்து வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில், எனக்குத் தமிழ் படிப்பித்த மாஸ்ரர் பக்கத்தில் இருந்தார். அவரும் மனைவியும் இளைப்பாறிய ஆசிரியர்கள். மாதாந்தக் கிளினிக்குக்கு இரண்டு பேரும் ஸ்கூட்டரில்தான் போவார்கள். பெற்றோல் விலை ஏறியதிலிருந்து அது வீட்டில் நிற்கிறது.

“ரீச்சர் வரேல்லையோ சேர்?”

“பஸ் காசும் ஏறிப்போச்சு, பென்சன் அப்பிடியே நிக்குது. இந்த மாதம் நான் ரெண்டு பேருக்கும் மருந்து எடுக்கிறன். அடுத்த மாதம் அவா வருவா.”

கிளினிக்கில் நானும் கூட நின்றேன். தாதி ஒத்துக்கொள்ளவில்லை.

“போன முறையும் இதைத்தான் சொன்னனீங்கள் ஐயா. பிரஷர் பாக்காமல் அம்மாக்கு மருந்து தரேலாது. கூட்டிக்கொண்டு வாங்கோ.”

கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கும் களைப்புத்தான்.

திரும்பி வரும்போது மாஸ்ரர் மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தார். புளியங்குளம் தாண்டியதும் சொன்னார்:

“ரெண்டு பேருக்கும் ஒரே பிரஷர் குளிசைதான். பாதி பாதியாப் போடுவம்.”

“அப்பிடிச் செய்யாதேங்கோ சேர். ரெண்டு பேரும் விழுந்தால் ஆர் பாக்கிறது?”

ரீச்சரை நானே ஏற்றிக்கொண்டு போகலாமென்றால், என் மோட்டார் சைக்கிளும் வீட்டில்தான் நிற்கிறது.

அடுத்த கிழமை நெடுங்கேணியிலிருந்து வவுனியாவுக்கு வாகனத்தில் போகிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள். ரீச்சருக்கு ஓர் இருக்கை வேண்டும். மாஸ்ரரும் கூட வருவார். பெற்றோல் காசு தர அவரால் முடியாது. ஆனால் இந்தப் பதிவில் உள்ள எழுத்துப் பிழைகளை வழிநெடுகத் திருத்திக்கொண்டு வருவார்.