நீளக்காதை நம்பி வாங்கிய ஆடு

சிங்கப்பூர் செராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் நான் பல வருஷமாக ஆடு வளர்க்கிறேன். நீளக்காது ஜமுனாபாரி ஆடு சிலைபோல நின்று பால் கொடுக்கும். குட்டை மலாய் ஆடு மிரளும், முட்டும். இது எனக்கு அத்துப்படி.

உடன்பிறப்பாக நினைத்த அடுத்த வீட்டு மீனாட்சி எனக்கு ஒரு நீளக்காது ஆட்டை விற்றாள்.

"பச்சப்புள்ள கூடக் கறக்கலாம்க்கா."

காதைப் பார்த்தே வாங்கிவிட்டேன். மறுநாளே அது என் மூன்று வயதுப் பேத்தியை முட்டிச் சாக்கடையில் தள்ளியது. நெற்றியெல்லாம் ரத்தம்.

சத்தம் கேட்டு மீனாட்சியின் மாமியார் ஓடிவந்தார். "இதோட தாய் மலாய் ஆடாச்சே! எங்க புள்ளையையும் முட்டுச்சுன்னுதானே விக்கச் சொன்னேன். உங்ககிட்ட சொல்லலையா?"

மீனாட்சி தன் வீட்டு வாசலிலேயே நின்றாள்.

பேத்தி பிழைத்தாள். இப்போது யார் விற்றாலும் ஏழு நாள் நானே கறந்து பார்த்த பிறகுதான் பிள்ளைகளை ஆட்டுப் பக்கம் விடுகிறேன். மீனாட்சி இன்னமும் 'அக்கா' என்றுதான் கூப்பிடுகிறாள். நான் திரும்பிப் பார்ப்பதில்லை.