ராயம்மாள் விடாத கயிறு

காரிமங்கலத்துக்கு மேற்கே இருந்த அந்த ஊரில் ராயம்மாளைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னவர்கள் யாரும் இல்லை. வாயாடி என்றார்கள், அடங்காதவள் என்றார்கள், புருஷனை முந்தானையில் முடிந்துவைத்திருக்கிறாள் என்றார்கள். கடைசியாகச் சொன்னது சுத்தப் பொய். யாகப்பன் அவள் முந்தானையில் என்றைக்கு இருந்தான்? அவன் தன் அண்ணன் சவரியின் சட்டைப்பையில் அல்லவா இருந்தான்!

அவள் வாழ வந்தபோது தாய்வீட்டு வெள்ளாடு ஒன்றையும் கூடவே ஓட்டி வந்தாள். அறுபத்தாறில் மழை பொய்த்தது. ஒருநாள் கிணற்றடிக்குப் போய்த் திரும்பினால் முளைக்குச்சி மட்டும் நிற்கிறது, ஆட்டைக் காணோம். சவரி அதைச் சந்தையில் விற்றுவிட்டு, பழைய சைக்கிள் ஒன்றோடு வந்து இறங்கினான்.

"என்னை ஒரு வார்த்தை கேக்காம என் ஆட்டை எப்படி மாமா வித்தீங்க?"

"வூட்டு ஆடுதானே? உன்னை என்னாத்துக்குக் கேக்கணும்?"

யாகப்பன் சைக்கிள் மணியை அடித்து அடித்துப் பார்த்தான். அந்தச் சத்தம் அவள் காதை விட்டுப் போகவேயில்லை.

எழுபத்தைந்தில் ஒரு ஞாயிறு, மாதா கோயிலில் பூசை முடிந்ததும் சாமியார் ஒரு சேதி சொன்னார். உலகத்துக்கே அது பெண்கள் வருஷமாம். கடல் தாண்டி எங்கேயோ பெரிய மாநாடு கூட்டி, ஆணும் பெண்ணும் சமம் என்று பேசினார்களாம். வெளிநாட்டுச் சங்கம் ஒன்று ஏழைக் குடும்பங்களுக்குச் சீமைப்பசு கொடுக்கப்போகிறதாம். பசு பெண் பேரில்தான் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கட்டளை.

வாசலுக்கு வந்ததும் சவரி சத்தமாகக் கேட்டான்: "மாடு பொம்பளை பேருல. சாணி யாரு பேருலப்பா?"

எல்லோரும் சிரித்தார்கள். பெண்களும்தான் சிரித்தார்கள். ராயம்மாள் மட்டும், "சாணி எப்பவும் எங்க பேருலதானே மாமா இருக்குது!" என்றாள். சிரிப்பு நின்றுவிட்டது.

மாட்டுக் கயிற்றுக்கு அங்கே ஒரு முறை உண்டு. கொடுக்கிறவன் தன் கயிற்றை அவிழ்த்துக்கொள்வான். வாங்குகிறவன் தான் கொண்டுவந்த கயிற்றைக் கட்டுவான். எந்தக் கை கட்டியதோ அதுதான் மாட்டுக்காரன் கை. மறுபடி விற்றாலும் அந்தக் கைதான் அவிழ்த்துக் கொடுக்க வேண்டும். பெண்கள் அதற்குக் கை நீட்டுவதில்லை. சங்கத்துக்காரர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது? காகிதத்தில் பெண்பிள்ளை பேரை எழுதினால் ஆயிற்று என்று நினைத்தார்கள்.

பசு கொடுக்கிற நாளில் கோயில் வளாகத்துக்கு ஜீப்பில் ஒரு வெள்ளைக்காரி வந்தாள். பேர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருத்தியும் முன்னால் வந்து நின்றாள். அவளவள் புருஷன் பின்னாலிருந்து கை நீட்டிக் கயிற்றைக் கட்டினான். வெள்ளைக்காரி கை தட்டினாள். அவர்கள் கொண்டுவந்த சமத்துவம் கோயில் வளாகத்தைக்கூடத் தாண்டவில்லை.

ராயம்மாள் புதுக் கயிற்றை இடுப்பில் செருகிக்கொண்டு போயிருந்தாள். யாகப்பன் கை நீட்டினான்.

"எட்டிப் போங்க" என்றாள். தானே கட்டி, தானே ஓட்டிக்கொண்டு வந்தாள்.

அன்றைக்குப் பிடித்தது சனியன். கிணற்றடியில் பெண்கள் குடத்தைத் தள்ளி வைத்துக்கொண்டார்கள். சவரி பெண்டாட்டி இன்னாசியம்மாள், "பொம்பளை கயிறு புடிச்ச மாடு, பாரு, மடி வத்திப் பூடும்" என்று ஊரெல்லாம் சொன்னாள். மடி வற்றவில்லை. அதுதான் அவர்களுக்கு இன்னும் எரிச்சல்.

ஊருக்கு வந்த மற்றப் பசுக்கள் வருஷம் திரும்புவதற்குள் சந்தைக்குப் போயின. ஒன்று ரேடியோவாகத் திரும்பி வந்தது. சவரிக்கும் ஆசை வந்தது: மாட்டை விற்று, கிணற்றுக்கு ஆயில் எஞ்சின் போட வேண்டும்.

சந்தை நாளன்று அண்ணனும் தம்பியும் மாட்டுக் கொட்டாய்க்குள் நுழைந்தார்கள். ராயம்மாள் சண்டை போடவில்லை. "நானே ஓட்டிக்கிட்டு வரேன்" என்றாள். வழிக்கு வந்துவிட்டாள் என்று இருவரும் நினைத்தார்கள்.

கிருஷ்ணகிரிப் பக்கத்து வியாபாரி முனிராஜும் சவரியும் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசி முடித்தார்கள். முனிராஜ் தன் கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தான். ராயம்மாள் மாட்டுக் கயிற்றைத் தன் மணிக்கட்டில் இறுக்கிச் சுற்றிக்கொண்டாள்.

"இது நான் கட்டுன கயிறு. அவுக்க மாட்டேன்."

சந்தை கூடிவிட்டது. சவரி அவளைக் கன்னத்தில் அறைந்தான். அவள் அசையவில்லை.

"அடிக்கத்தானே முடியும் மாமா? கயித்தை எப்படி வாங்குவீங்க?"

முனிராஜ் யாகப்பன் பக்கம் திரும்பினான். "ஏம்பா, யாரு கட்டுன கயிறு இது?"

யாகப்பன் அண்ணனைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "அவ கட்டுனதுதாங்க."

"அப்ப எனக்கு வேணாஞ்சாமி. அழுதுகிட்டே குடுக்குற மாடு என் கொட்டாய்ல தங்காது."

"நான் ஒண்ணும் அழுவலீங்க" என்றாள் ராயம்மாள்.

அவளுக்கு நியாயம் செய்யவேண்டும் என்று முனிராஜ் போகவில்லை. மாடு செத்துப்போகுமோ என்ற பயத்தில் போனான். போனான் அல்லவா, அது போதும்.

இரண்டு வீட்டுக்கும் பொதுவாக இருந்த வாசலுக்கு நடுவே சவரி மண்சுவர் வைத்தான். யாகப்பன் அண்ணன் வீட்டிலேயே சாப்பிட்டான். ஜீப் மறுபடி வந்தபோது, மற்ற மாடுகள் மேய்ச்சலுக்குப் போயிருப்பதாக ஊரே ஒரே வாயாகச் சொன்னது. ராயம்மாளின் மாடு மட்டும் கன்றோடு நின்றது.

ஒருநாள் மத்தியானம் யாகப்பன் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினான்: "உன் மாடு கத்துது. காதுல வுழலியா?"

திட்டுவதற்காகத்தான் சொன்னான். உன் ஆடு என்று ஒருநாளும் சொல்லாத வாய் அது.

"வுழுது வுழுது" என்று சொல்லி, ராயம்மாள் மாட்டுக்குச் சோளத்தட்டை எடுத்துப் போடப் போனாள்.