இங்கே விற்காத வண்டியின் அகலம்

கீழ் வீட்டுக்காரர் காகிதத்தின் மேல் எஃகு ஸ்கேலை வைத்து, இடது கண்ணை மூடி, மூச்சையும் நிறுத்திக்கொண்டு அளக்கிறார். அளந்ததை ஓரத்தில் பென்சிலால் எழுதுகிறார். மறுபடி அளக்கிறார். சாப்பாடு ஆறுகிறது என்று உள்ளேயிருந்து இரண்டாம் தடவையாகக் குரல் வருகிறது. "இதோ, ஒரே ஒரு கோடு," என்கிறார். அந்த ஒரு கோட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆகும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மாடியில் குடியிருக்கும் எனக்கும் தெரியும்.

காகிதத்தில் இருப்பது ஒரு சின்ன பிக்கப் வண்டியின் பின்பக்கம். நகல் கடையில் கொடுத்துப் பெரிதாக்கி வாங்கிய படம். வண்டியை முழுக்க மாற்றியமைத்து இந்த வருஷம்தான் வெளியிட்டிருக்கிறார்கள், அதுவும் வெளிநாடுகளில் மட்டும். இங்கே பெரிய வண்டிகள்தான் விற்கின்றனவாம். சின்னதை நிறுத்திப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது, இனியும் வராது என்று கம்பெனியே கையை விரித்துவிட்டது. வராத வண்டியை எதற்கு அளக்க வேண்டும் என்று ஒரு தடவை கேட்டேன். "வராதுங்கறீங்க. திடீர்னு வந்துட்டா என்ன சார் பண்றது?" என்றார். இதற்கு மேல் வாதாட எனக்குப் படிப்பு போதாது.

அவருடைய தொழில், சமையலறை அலமாரிகள் செய்து மாட்டுவது. பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. 'அரை டன்' என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். அவருடைய பழைய பிக்கப்பின் கதவில், ஏற்றக்கூடிய பாரம் அரை டன் என்று எழுதியிருக்கும். அது அப்படியே ஆளின் மேல் ஒட்டிக்கொண்டது. ஆளோ, டேப், சாவிக்கொத்து, காதில் செருகிய தட்டைப் பென்சில் எல்லாவற்றோடும் சேர்த்து நிறுத்தாலும் ஐம்பத்தைந்து கிலோவைத் தாண்ட மாட்டார். எந்த வீட்டுக்குப் போனாலும் அலமாரிக் கதவை இரண்டு தடவை திறந்து மூடாமல் உட்கார மாட்டார். என் வீட்டுக்கு முதன்முதலில் வந்தபோது, நான் வாங்க என்று சொல்லி முடிப்பதற்குள் சமையலறையில் இருந்தார். "இந்தக் கீல் ராத்திரி பகலா அழுவுது, நீங்க கேட்டுக்கிட்டு சும்மா இருக்கீங்களே சார்," என்று என்னைக் கண்டித்துவிட்டு எண்ணெய் எடுத்து வரப் போனார்.

அந்தப் பிக்கப்புக்குப் பத்தொன்பது வயது. கல்யாணத்துக்கு முந்தைய வருஷம் வாங்கியது. அதனால் அவர் மனைவி அதை 'மூத்தவ' என்றுதான் சொல்வார். "மூத்தவளக் குளிப்பாட்டியாச்சுன்னா வந்து சாப்பிடுங்க," என்று ஜன்னல் வழியாகக் குரல் கொடுப்பார். மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவர். எந்த டாக்டரின் கிறுக்கலையும் படித்துவிடுவார். கணவர் பென்சிலில் எழுதும் எண்களை மட்டும் படிக்க முயல்வதே இல்லை. "அது அவருக்கும் அந்த வண்டிக்கும் நடக்குற பேச்சு. நமக்கு எதுக்கு?" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, நாற்காலி மேசை விற்கும் பெரிய கடை ஒன்றின் வண்டி நிறுத்தும் இடத்தில் இவருடைய கூட்டம் கூடும். கடை பத்து மணிக்குத்தான் திறக்கும் என்பதால் யாரும் விரட்டுவதில்லை. பன்னிரண்டு, பதினான்கு பழைய சின்ன பிக்கப்புகள் பானெட்டைத் திறந்துகொண்டு வரிசையாக நிற்கும். நானும் சில வாரம் போயிருக்கிறேன். எனக்கு வண்டிகளில் தெரிந்தது நிறம் மட்டும்தான்; அதைச் சொன்னதும் என்னை மரியாதையாக ஓரத்தில் உட்கார வைத்து டீ கொடுத்துவிட்டார்கள்.

இந்த வருஷம் முழுக்கப் பேச்சு அந்தப் புது வண்டியைப் பற்றித்தான். அங்கே ஒருத்தரும் அதை நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் சொந்த மருமகளைப் போல அதன் குறைகள் அத்தனையும் அத்துப்படி. "மூஞ்சியப் பாருங்க. தூக்கத்துல எழுப்பிவிட்ட மாதிரி முறைக்குது," என்பார், தன் பிக்கப்பிலேயே தொட்டி கட்டி நாய்களைக் குளிப்பாட்டிவிடும் அம்மாள். ஓய்வு பெற்ற சரித்திர ஆசிரியர் ஒருவர் வருவார். அவரிடம் எந்த வண்டியும் கிடையாது, பஸ்ஸில்தான் வருவார். கோபம் மட்டும் எல்லோரையும்விட அதிகம். "கியர் கம்பிய எடுத்துட்டு ஒரு திருகு வெச்சிருக்கான். அடுப்பா அது, திருகிப் பத்தவெக்க?" என்று மேசை இல்லாத இடத்தில் மேசையைத் தட்டுவார்.

புது வண்டிக்குப் பரிந்து பேச ஒரே ஒரு ஆள்தான். தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கிறவர். அரை டன்னுக்குப் பதினைந்து வருஷ நண்பர். ஒருவரையொருவர் 'மாப்ள' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். "எல்லாம் இருக்கட்டும். அதுல இடுப்பு ஒடியாம உக்காரலாம்ல? நம்ம வண்டியில கல்யாணத்துக்குப் போனாக்கூட துக்கத்துக்கு வந்த மாதிரிதானே இறங்குறோம்?" என்பார். சிரிப்பார்கள். கடைசியில் எல்லோரும் அரை டன் முகத்தைப் பார்ப்பார்கள். தீர்ப்பு அங்கிருந்துதான் வரவேண்டும்.

அவருக்கு மூஞ்சியும் திருகும் பொருட்டே இல்லை. அவர் கேட்பது ஒரே கேள்வி: "நாலடிப் பலகை படுக்குதா?" அவர் வாங்கும் பிளைவுட் பலகைக்கு அகலம் நாலடி, அதாவது நாற்பத்தெட்டு அங்குலம். அது பிக்கப்பின் பின்தொட்டியில் மட்டமாகப் படுக்க வேண்டும். படுத்தால் வண்டி. "சாய்ச்சு வெக்கணும்னா அது வண்டி இல்ல சார். கார். அதக் கண்ணாடியத் தொடச்சு நிழல்லதான் நிறுத்தி வெக்கணும்." கம்பெனிப் புத்தகத்தில் தொட்டியின் அளவை லிட்டரில் போட்டிருந்தது அவருக்குத் தாங்கவே இல்லை. "லிட்டராம். என்ன, மீன் வளக்கவா போறோம்?"

அதனால்தான் படத்தை வைத்து அளந்தது. முறை எளிது. நம்பர் பிளேட்டின் நீளம் ஐம்பது சென்டிமீட்டர்; அது எல்லா வண்டிக்கும் ஒன்று. படத்தில் பிளேட் எவ்வளவு இருக்கிறதோ, அதைக் கொண்டு மற்றதெல்லாம் கணக்குப் போட்டுவிடலாம். போட்டார். தொட்டியின் அகலம் நாற்பத்தாறரை அங்குலம் வந்தது. கூட்டத்தின் கைப்பேசிக் குழுவில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். அதில் ஒரே ஒரு வார்த்தை போட்டார்: "படுக்காது."

குழுவில் திருவிழாதான். ஆசிரியர் பதினோரு செய்தி போட்டார். மோட்டார்காரர் மட்டும், பார்த்தால் அகலமாகத்தான் தெரிகிறது, யாராவது நேரில் அளக்கும்வரை பொறுப்போமே என்று எழுதினார். அதற்கு அரை டன், "ஸ்கேல் பொய் சொல்லாது மாப்ள. ஒனக்கு ஆசை, அதான் அகலமாத் தெரியுது," என்று பதில் போட்டார். அந்தப் பதிலை ஆளுக்கு ஆள் எடுத்து மோட்டார்காரரைப் போட்டுக் காய்ச்சிவிட்டார்கள். யாரோ அவர் படத்துக்குப் பெரிய மூக்குக் கண்ணாடி வரைந்து போட்டார்கள். மறுநாள் அவர் எழுதியது இரண்டே வார்த்தை: "சரிங்க சார்." அந்த ஞாயிறும் வரவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. பதினைந்து வருஷ 'மாப்ள' போய் 'சார்' வந்துவிட்டது. அந்த இரண்டு ஞாயிறும் அரை டன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தார். எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

அரை டன்னின் அக்கா அந்த வண்டி விற்கும் நாட்டில்தான் இருக்கிறார். கணவரோடு செடிப் பண்ணை வைத்திருக்கிறார். புது பிக்கப்பை வாங்கலாமா என்று தம்பியைக் கேட்டிருந்தார். இரண்டு செடிக்கூடைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சரியாக நாலடி வேண்டும். வண்டிக் கடை பல மணி நேரப் பயணத் தூரத்தில் இருந்ததால் போய் அளக்கவில்லை. தம்பி 'படுக்காது' என்றதும் மூடிய வேன் ஒன்றுக்குச் சொல்லிவைத்துவிட்டார். திங்கட்கிழமை கையெழுத்துப் போடவேண்டும்.

சனிக்கிழமை மத்தியானம் என் அலமாரிக்குக் கைப்பிடி தேர்ந்தெடுக்க அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். தண்ணீர்க் கூஜாவில் சாய்த்து வைத்த கைப்பேசியில் அக்கா முகம். அக்காவுக்குப் பின்னால் அவர் கணவர் குனிந்து, செடி ஏற்றும் டிரெய்லருக்குப் புது நம்பர் பிளேட் மாட்டிக்கொண்டிருந்தார். டேப்பை நீட்டிப் பார்த்துத் தனக்குத்தானே, "அம்பத்திரண்டு. பாதி இருபத்தாறு. அங்க ஒரு ஓட்டை," என்றார்.

அரை டன் கையில் இருந்த கைப்பிடி அப்படியே நின்றது.

"மாமா, எது அம்பத்திரண்டு?"

"பிளேட்டுதான் மச்சான்."

"அம்பது இல்ல?"

"இங்க எல்லா வண்டிக்கும் அம்பத்திரண்டுதான்."

அவர் அளந்த படமும் அந்த நாட்டில் எடுத்ததுதான். காதுப் பென்சில் கைக்கு வந்தது. கைப்பிடி சுற்றியிருந்த காகிதத்திலேயே கணக்குப் போட்டார். நாற்பத்தெட்டேகால் அங்குலத்துக்கும் சற்று மேலே வந்தது. இன்னொரு தடவை போட்டார். அதேதான் வந்தது. நாலடிப் பலகை படுக்கும்.

"அக்கா, அந்த வேனுக்குக் கையெழுத்து போடாத," என்றார். விஷயத்தைச் சொன்னார்.

அக்கா சிரித்த சிரிப்பில் கூஜா அதிர்ந்திருக்க வேண்டும். "அடப்பாவி! அந்த வேன என் கண்ணுக்குப் பிடிக்க வெக்க மூணு வாரமா நான் பட்ட பாடு ஒனக்குத் தெரியுமாடா?" சிரித்து முடித்துவிட்டு, "சரி, ஒன் குழுவுல சொல்லிட்டியா?" என்றார்.

இவர் பென்சிலைத் திரும்பக் காதில் செருகினார். மனைவி தட்டுகளை அடுக்கியபடியே, "ரெண்டு விரலால தட்டினதுதானே. அதே ரெண்டு விரலால திருப்பித் தட்டுங்க," என்றார்.

சொல்வது சுலபம். சாயங்காலம்வரை தட்டினார், அழித்தார், தட்டினார். பன்னிரண்டு வருஷமாக அந்தக் கூட்டத்தில் அவர் அளவுக்கு மறுபேச்சு கிடையாது. ஒருவனை ஊர் கூடிக் கிண்டல் செய்யவிட்டு, கடைசியில் அவன் சொன்னதுதான் சரி என்று வந்து நிற்பதற்கு நெஞ்சுரம் வேண்டும். நான் எனக்குத் தெரிந்த புத்தியைச் சொன்னேன். வண்டிதான் இங்கே வரப்போவதில்லையே, யார் அளந்து பார்க்கப் போகிறார்கள், பேசாமல் விட்டுவிடலாமே என்றேன்.

ஆணி அடிக்க வேண்டிய இடத்தில் பசை தடவச் சொன்னவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

"வண்டி வராது சார். அவன் வரணும்ல?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. குழுவில் அவர் போட்டது இதுதான்: "தப்பா அளந்துட்டேன். நாளைக்கு எல்லாரும் வாங்க, நேர்ல காட்டறேன்."

எல்லோரும் வந்தார்கள். ஆசிரியர் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். அரை டன் சுண்ணப்பொடி தடவிய நூலைத் தரையில் இழுத்துப் பிடித்துச் சுண்டினார். சிமெண்ட் தரையில் நேர்க்கோடு விழுந்தது. நாலு கோடு சுண்டியதும் புது வண்டியின் தொட்டி அதன் முழு அளவில் தரையில் கிடந்தது. அப்போதுதான் மோட்டார்காரரின் வண்டி வந்து தள்ளி நின்றது. இறங்கினார், இன்ஜினை நிறுத்தவில்லை.

"பிளேட்டு அம்பதுன்னு நெனச்சேன். அங்க அம்பத்திரண்டாம்," என்றார் அரை டன், எல்லோருக்கும் கேட்கும்படி. "இவன் சொன்னதுதான் சரி. ஆசை இவனுக்கு இல்ல, எனக்குத்தான். நம்ம பழைய வண்டிய எதுவும் ஜெயிச்சிடக் கூடாதுன்னு ஆசை." தன் பிக்கப்பிலிருந்து ஒரு நாலடிப் பலகையை இறக்கி, நாய் அம்மாள் ஒரு முனையைப் பிடிக்க, கோடுகளுக்கு நடுவே வைத்தார். மட்டமாகப் படுத்தது. கோட்டுக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு பென்சில் கனம் மிச்சம்.

ஆசிரியருக்குத்தான் பொறுக்கவில்லை. "இருந்தாலும், அந்தத் திருகு..." என்று ஆரம்பித்தார்.

"திருகு தப்புதான் வாத்தியாரே. அதுல மாத்தமில்ல," என்றார் அரை டன்.

இன்ஜின் நின்ற சத்தம் கேட்டது. மோட்டார்காரர் மெதுவாக நடந்து வந்து, குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக் கோட்டைப் பார்த்தார். "கோடு கோணலா இருக்கே மாப்ள," என்றார். கோடு கோணலாக இல்லை. அது அங்கே எல்லோருக்கும் தெரியும். நாய் அம்மாள்தான் முதலில் சிரித்தார். அரை டன் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார், பொடி விழுந்துவிட்டதாம்.

பிறகு மற்றவர்கள் டீக்குப் போனார்கள். அரை டன் பலகையை நகர்த்திவிட்டுத் தரையில் வரைந்த தொட்டிக்குள் இறங்கி, முழங்காலை மடக்கி மல்லாந்து படுத்தார். கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மோட்டார்காரர் போகாமல் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்ததும், கோட்டை ஒட்டி ஒரு பக்கமாக நகர்ந்து, மறு பக்கத்துத் தரையை உள்ளங்கையால் துடைத்துவிட்டார்.