முதல் படியில் மாமியார்

பாசி பிடித்த நீச்சல் குளத்தைத் தெளிய வைக்க வேண்டியது அவள் வேலை. ஆனால் அவள் தவித்ததற்குக் குளம் மட்டும் காரணமில்லை. வீட்டில் கட்டிலோடு கிடந்த மாமியாரும்தான்.

மகன் லாரியோடு வாரக்கணக்கில் வெளியூரில் கிடக்க, மருமகளோடு மல்லுக்கட்டியே பொழுதைப் போக்கியவர் அந்த மாமியார். குளியலறையில் வழுக்கி விழுந்து முழங்காலில் ஆபரேஷன் ஆனபின், அவருக்கு வாய் மட்டும்தான் நடந்தது. புண் ஆறிப் புதுத் தோல் கட்டிவிட்டது, இனித் தண்ணீருக்குள் நடக்க வேண்டும், தள்ளிப்போட்டால் மூட்டு இறுகிவிடும் என்றார் டாக்டர். மருமகள் வேலை பார்த்தது ஒரு பிசியோதெரபி மையத்தின் குளத்தில். மேனேஜரைக் கெஞ்சிக் கூத்தாடி, ஆளில்லாத ஞாயிறு காலையை மாமியாருக்காக வாங்கியிருந்தாள்.

அந்த நேரம் பார்த்தா பம்ப் மோட்டார் புகைய வேண்டும்? ஓடாத தண்ணீர் வெயிலில் பச்சையாகிப் போனது.

மோட்டார் சரியானதும் அவள் முறையாகத்தான் தொடங்கினாள். தண்ணீரில் காரத்தன்மை ஏறிக் கிடந்தால் குளோரின் சரியாக வேலை செய்யாது. அதனால் முதலில் ஆசிட்டை அளந்து ஊற்றிக் காரத்தை இறக்கினாள். அது நன்றாகக் கலந்த பிறகே குளோரின் போட்டாள். கை கடுக்கச் சுவர்களைத் தேய்த்தாள். சனிக்கிழமை பச்சை போய், தண்ணீர் பால் கலந்தாற்போல் ஆனது.

சோதனைக் குழாயில் தண்ணீர் பிடித்து மாத்திரையைப் போட்டாள். குளோரின் இருந்தால் ரோஸ் நிறம் வர வேண்டும். வரவில்லை. எல்லாவற்றையும் பாசி தின்றுவிட்டது என்று இன்னொரு வாளி கரைத்து ஊற்றினாள். அப்போதும் நிறம் வரவில்லை. விடிந்தால் ஞாயிறு என்ற பதற்றத்தில் மறுபடியும் ஊற்றினாள்.

காலையில் குளம் கண்ணாடியாக இருந்தது. மெரூன் நைட்டியில், ஆட்டோவிலிருந்து கம்பை ஊன்றி வந்திறங்கிய மாமியாரே அசந்துபோனார்.

"பரவாயில்லையே, உனக்கும் ஒரு வேலை உருப்படியா வருது."

அவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து முதல் படியில் நல்ல காலை வைத்த நேரம், மருமகள் மனசு கேட்காமல் சோதனைக் குழாயில் இன்னொரு மாத்திரையைப் போட்டுப் பார்த்தாள். விழுந்த இடத்தில் ரோஸ் நிறம் மின்னி, கண் இமைப்பதற்குள் வெளுத்துப்போனது.

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. குளோரின் இல்லாமல் இல்லை. அளவுக்கு மீறிய குளோரின் வந்த நிறத்தையே வெளுத்துக்கொண்டிருந்தது. மாமியாரின் ஆபரேஷன் கால் படியைத் தேடி இறங்கிக்கொண்டிருந்தது.

கட்டிய துணியோடு தண்ணீருக்குள் பாய்ந்து குறுக்கே நின்றாள். "ஏறுங்க அத்தை. தண்ணி சரியில்ல."

"நான் நடந்துட்டா உனக்கு என்னடி குறைஞ்சிடும்? கட்டில்லயே கிடந்தாத்தான் வீடு உன் கையில இருக்கும்னு பாக்குறியா?"

அந்தச் சொல் நெஞ்சில் தைத்தது. ஆனாலும் அவள் நகரவில்லை. "தப்பு என்னோடதுதான் அத்தை. மருந்தை அள்ளிக் கொட்டிட்டேன். உங்க புதுத் தோல் தாங்காது."

திட்டிக்கொண்டேதான் மாமியார் ஏறினார். மருமகள் அவரை நாற்காலியில் உட்கார்த்திக் குழாய்த் தண்ணீரில் காலை அலசிவிட்டாள். பிறகு, நிறம் வெளுக்காமல் நிற்பதற்காக, ஒரு பங்கு குளத்துத் தண்ணீரோடு பல பங்கு குடிதண்ணீர் கலந்து மாத்திரை போட்டாள். அத்தனை கலந்தும் அடர்ந்த ரோஸ் நிறம் திரண்டு நின்றது. கொண்டுபோய்க் காட்டினாள்.

"சாயத்தைக் கலந்து காட்டினா நம்பிடுவேனா?" என்று மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆட்டோ வரத் தாமதமானது. நைட்டியின் ஓரம் வெயிலில் உலர்ந்தது. தண்ணீர் தொட்ட இடமெல்லாம் மெரூன் செத்து, திட்டுத் திட்டாக வெளிறியிருந்தது. மாமியார் அந்த ஓரத்தைக் கையில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அப்புறம்தான் அவர் கண் மருமகளின் கால்கள் பக்கம் போனது. ஈரத் துணிக்குக் கீழே அவை சிவந்திருந்தன.

"ஏன்டி, எனக்கு ஊத்துனியே... உன் காலைக் கழுவினியா?"

அவளுக்கு அதுவரை அது தோன்றவே இல்லை. மாமியார் கம்பை ஊன்றி, தானே எழுந்து, குழாயைத் திறந்துவிட்டார்.

மேனேஜரிடம் உண்மையைச் சொல்லித் திட்டு வாங்கி, பாதித் தண்ணீரை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் நிரப்பி, அவள் அடுத்த ஞாயிற்றையும் கெஞ்சி வாங்கினாள். அன்று அதே நைட்டியில் வந்த மாமியார், படிக்கட்டருகே நின்றுவிட்டார்.

"முதல்ல அந்த மாத்திரையைப் போடு."

இளம் ரோஸ் நிறம் வந்தது. வெளுக்காமல் நின்றது. மாமியார் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் மருமகளையும் பிடித்துக்கொண்டு, ஆபரேஷன் காலைத் தண்ணீருக்குள் வைத்தார்.