காற்றாடிக்கு எழுதிய பாலிசி

தருமபுரியில் நான் வேலை பார்த்தது பொதுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் சிறிய கிளையில். மேனேஜர், நான், ஒரு கிளார்க், ஒரு பியூன், அவ்வளவுதான். லாரி, டிராக்டர், கறவை மாடு, ரைஸ் மில் இவைதான் எங்களிடம் வருகிற வேலை. எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்தாறு வயது. சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. மாடுகளுக்கு இன்சூரன்ஸ் அடையாளமான காதுவில்லை போட்டிருக்கிறதா என்று சரிபார்க்க நல்லம்பள்ளிக்கும் காரிமங்கலத்துக்கும் பஸ்ஸில் போய்வந்து, மாடுகளைப் பற்றி ஓரளவு தெரிந்துவைத்திருந்தேன். இயந்திரங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது.

பங்குனி மாதம் ஒருநாள் காலையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் உள்ளே வந்து, "காத்தாடிக்கு இன்சூரன்ஸ் போடணுங்க" என்றார்.

"சீலிங் ஃபேனுக்கெல்லாம் தனியா போடறதில்லைங்க" என்றார் கிளார்க்.

வந்தவர் சிரிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு வரைபடத்தை எடுத்து மேசையில் விரித்தார். நான்கு கால் இரும்புக் கோபுரம், அதன் தலையில் தகடுகள் பொருத்திய சக்கரம், பின்னால் ஒரு வால். காற்றில் சக்கரம் சுற்றினால் கீழே கிணற்றில் பம்பு ஏறி இறங்கித் தண்ணீர் இறைக்கும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறம் அவருக்கு வெல்டிங் பட்டறை. இரும்புக் கேட்டும் தண்ணீர்த் தொட்டியும் டிராக்டர் டிரெய்லரும் செய்துகொண்டிருந்தவர். கிராமங்களில் மாற்று எரிசக்தி வேலைகளை நடத்திவந்த ஒரு தொண்டு நிறுவனம், பென்னாகரம் தாலுகாவில் மின்சாரம் எட்டாத ஐந்து கிணறுகளில் காற்றாடி நிறுத்தும் வேலையை அவரிடம் கொடுத்திருந்தது. அஸ்திவாரம் போடுவது முதல், ஒரு மாதம் ஓட்டிக் காட்டி ஒப்படைப்பது வரை, அவர் செலவில் இன்சூரன்ஸ் இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம்.

மேனேஜர் இரண்டு நாள் தேடி, ஆலைகளில் இயந்திரம் நிறுவும்போது போடுகிற பாலிசியை எடுத்துக்கொடுத்து, "இதுலேயே எழுதிடும்மா" என்றார். கையெழுத்துப் போடும்போது பட்டறைக்காரர் என்னிடம் கேட்டார்:

"மேடம், காத்துல உழுந்தா குடுப்பீங்க, சரி. என் வேலையில தப்பு இருந்து உழுந்தா?"

"எல்லாம் சேருங்க" என்றேன்.

அந்தப் பாலிசியை நான் முழுதாகப் படித்திருக்கவில்லை. எட்டுப் பக்கம், பொடி எழுத்து, ஆங்கிலம். அவர் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தேன்.

இரண்டு காற்றாடிகள் ஆனிக் கடைசியில் எழுந்து நின்றன. ஒன்று ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில். இன்னொன்று பென்னாகரத்திலிருந்து நான்கு மைல் உள்ளே, காட்டை ஒட்டிய ஒரு தோட்டத்தில். ஆடி இரண்டாவது வாரம் தோட்டத்தில் நின்ற காற்றாடி விழுந்துவிட்டது.

பாய் நேரில் வந்து தகவல் சொன்னார். சேதத்தை மதிப்பிட சேலத்திலிருந்து ஒரு சர்வேயரை வரவழைத்து, மறுநாள் நாங்கள் மூன்று பேரும் போனோம். பென்னாகரம் வரை பஸ், அங்கிருந்து நடை. கோபுரம் தக்காளிச் செடிகள்மேல் நீளமாகப் படுத்துக் கிடந்தது. சக்கரத் தகடுகள் மடங்கியிருந்தன. கிணற்றுக்குள் இறங்கும் பம்புக் கம்பி வில்லாக வளைந்திருந்தது.

தோட்டத்துக்காரம்மா எங்களுக்கு மோர் கொண்டுவந்தார். வீட்டில் கன்னடம் பேசுகிற குடும்பம். ஆடு மேய்க்கிற தம்பியிடம் ஏதோ கன்னடத்தில் சொல்லி அனுப்பிவிட்டு எங்களிடம் தமிழில் பேசினார்.

"அந்தத் தொட்டிகிட்டதானுங்க துணி தொவச்சிட்டு இருந்தேன். கோழிங்க கத்துச்சுன்னு வூட்டுக்குப் போனேன். திரும்பிப் பாக்கறேன், இது படுத்துக் கெடக்குது."

"எவ்வளவு நேரம் கழிச்சும்மா?" என்று சர்வேயர் கேட்டார்.

"நேரம் என்னாங்க. கையில ஈரங்கூட காயல."

சர்வேயர் அளந்தார், போட்டோ எடுத்தார். பிறகு நோட்டை மூடிக்கொண்டு, "ஆடிக்காத்து பாய். வேற என்ன? காத்துன்னு எழுதிட்டா பதினஞ்சு நாள்ல கிளைம் முடிஞ்சிரும்" என்றார்.

பாய் அஸ்திவாரத்துக்கு அருகில் போய்க் குந்தினார். நான்கு கால்களில் ஒன்று அடித்தகட்டோடு சேரும் இடத்தில் அறுந்திருந்தது. "இங்க பாருங்க சார்" என்று விரலை வைத்துக் காட்டினார். அறுந்த முகத்தில் பாதி பளபளவென்றும் பாதி பழுப்புத் துருவாகவும் இருந்தது.

"பளபளன்னு இருக்கிறது அன்னிக்கு அறுந்தது. துரு ஏறி இருக்கிறது மொதல்லயே விட்டுப்போனது. உள்ள பாருங்க, இட்லி மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்குது. சித்திரையில மழை பேஞ்சப்ப பட்டறை கூரை ஒழுகி வெல்டிங் குச்சி பாக்கெட்டெல்லாம் நனைஞ்சு போச்சு. அடுப்புல வெச்சு சூடு காட்டியிருக்கணும். நான் வெயில்ல காய வெச்சு எடுத்துக்கிட்டேன். ஈரக் குச்சியில பத்த வெச்சா இப்படித்தான் ஓட்டை உழும்."

"காத்து தள்ளலேன்னா விழுந்திருக்காதே?"

"தள்ளுனது காத்துதான் சார். காத்துக்கு நிக்கத்தானே இதச் செஞ்சேன்."

சர்வேயர் என்னைப் பார்த்தார். பாலிசியை முந்தின நாள்தான் முழுதாகப் படித்திருந்தேன். வேலைப்பாட்டில் குறை இருந்தால், குறையுள்ள பாகத்துக்கு எதுவும் கிடைக்காது. அது விழுந்ததால் சேதமான மற்றப் பாகங்களுக்கு மட்டும் கிடைக்கும்.

"பாய், யோசிச்சுச் சொல்லுங்க. இதை எழுதினா உங்களுக்குத்தான் நஷ்டம்" என்றார் சர்வேயர்.

"எழுதிடுங்க சார். அதே குச்சியில பத்த வெச்ச கோபுரம் இன்னும் நாலு இருக்குது. மூணு பட்டறையில கெடக்குது. ஒண்ணு பள்ளிக்கூடத்துப் பக்கம் நிக்குது. அதைத் தெறந்து வைக்க நாள் குறிச்சிட்டாங்க. எறக்கணும்னு தொண்டு நிறுவனத்துக்காரங்ககிட்ட போயி சொன்னேன், காத்துக்கு உழுந்ததுக்கு அத ஏன் எறக்கறேங்கறாங்க. காயிதம் இருந்தாத்தான் எறக்க விடுவாங்க."

தோட்டத்துக்காரம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "அப்ப மறுபடி நெறுத்துவீங்கதானே?" என்று மட்டும் கேட்டார். பாய் ஆமாம் என்றார். அந்தம்மா மோர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு போனார்.

அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து பாய் சொல்லச் சொல்ல வாக்குமூலத்தை என் கையால் எழுதினேன். படித்துக் காட்டியதும் கையெழுத்துப் போட்டார்.

சர்வேயர் சேலம் பஸ் ஏறிய பிறகு பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் நானும் பாயும் நின்றிருந்தோம். நான்தான் பேச்சை ஆரம்பித்தேன்.

"பாலிசி போடும்போது நீங்க கேட்டீங்க. நான் எல்லாம் சேரும்னு சொன்னேன்."

"சொன்னீங்க."

"அது தப்பு. படிக்காம சொல்லிட்டேன்."

"நானும் குச்சி நல்லாக் காஞ்சிருச்சுன்னுதான் நெனச்சேன் மேடம்" என்றார்.

அதில் கோபம் இருந்ததா, சமாதானம் இருந்ததா என்று எனக்கு இப்போதும் தெரியாது. பஸ் வந்தது. அவர் பின்னால் ஏறினார், நான் முன்னால்.

மறுநாள் அலுவலகத்தில் ஒரு குறிப்பு எழுதினேன். பாலிசி எடுத்தவர் கேட்டபோது தவறான விளக்கம் கொடுத்தது நான் என்று இரண்டு வரி. வாக்குமூலத்துக்கு அடுத்த தாளாக அதைக் கோப்பில் வைத்து மேனேஜரிடம் கொடுத்தேன். அவர் படித்தார்.

"இதனால அவருக்கு ஒரு பைசா கூடப் போறதில்லம்மா. உனக்கு மெமோ வரும். எடுத்துடு."

கடுமையாகச் சொல்லவில்லை. எனக்கு நல்லது சொல்கிற குரலில்தான் சொன்னார். நான் எடுக்கவில்லை. பெரிய துணிச்சல் என்று அதைச் சொல்ல மாட்டேன். ஒருவருடைய தப்பை என் கையால் எழுதி வாங்கியிருந்தேன். பக்கத்தில் என்னுடையது இல்லாமல் அந்தக் கோப்பைக் கட்டி அனுப்ப மனம் வரவில்லை.

மேனேஜர் சொன்ன இரண்டுமே நடந்தன. காற்றில் விழுந்தது என்று வருகிற கோப்புகள் மேல் அலுவலகத்தில் சுலபமாக நகரும். இந்தக் கோப்பு மூன்று முறை கேள்வியோடு திரும்பி வந்தது. குறையுள்ள பாகம் என்பது ஒரு காலா, முழுக் கோபுரமா என்பது முதல் கேள்வி. நான்கு கால்களும் அதே குச்சியால் பற்றவைத்தவை என்று அவரே சொல்லியிருந்ததால் முழுக் கோபுரம் என்று முடிவானது. பாலிசி எடுத்தவர் தனக்கு எதிராக ஏன் சொல்கிறார் என்பது இரண்டாவது கேள்வி. அதற்குப் பதில் எழுதுவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. வாக்குமூலத்தில் இருந்ததையே திரும்ப எழுதினேன். மூன்றாவது, என்னுடைய குறிப்பைப் பற்றியது. அதற்கு விளக்கம் கொடுத்தேன். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கடைசியில் சக்கரத்துக்கும் பம்புக்கும் மட்டும் இழப்பீடு அனுமதித்தார்கள்.

இதற்கிடையில் சர்வேயர் அறிக்கையின் நகலைக் காட்டி, பள்ளிக்கூடத்துப் பக்கம் நின்ற காற்றாடியை பாய் இறக்கினார். தொண்டு நிறுவனத்தின் இன்ஜினியர் முன்னால் நின்று நான்கு கால்களையும் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை. வீண் வேலை, வீண் தாமதம் என்று அந்த இன்ஜினியர் எங்கள் அலுவலகத்துக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். அந்த வருடம் வேறு வேலை பாய்க்குத் தரவில்லை என்றும் கேள்விப்பட்டேன்.

பட்டறைக்கு ஒருமுறை போனேன். எண்ணெய் டிரம் ஒன்றை அறுத்து, உள்ளே கரி அடுப்பு வைத்து, குச்சிகளைச் சுடப்போட்டிருந்தார். கீறல் இல்லாத கோபுரத்தின் பழைய வெல்டிங் பற்றுகளையும் உளியால் வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார்.

"அது நல்லாத்தானே இருந்துச்சாம்?"

"மேல நல்லா இருக்குது. உள்ள எனக்குத் தெரியலீங்களே" என்றார். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். நான் கிளம்பினேன்.

கார்த்திகையில் தோட்டத்துக் காற்றாடியை மறுபடி நிறுத்தப்போவதாகச் சொல்லி அனுப்பினார். எங்கள் அலுவலகத்திலிருந்து யாரும் போக வேண்டிய அவசியம் இல்லை. ஒருநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன்.

கோபுரத்தைப் படுக்க வைத்து, இரண்டு கால்களை அஸ்திவாரத்தில் கீல் மாதிரி பொருத்தியிருந்தார்கள். தலையில் கட்டிய வடம் ஒரு கம்பத்தின் கப்பி வழியாக வந்து பன்னிரண்டு ஆள்களின் கையில் இருந்தது. தோட்டத்துக்காரம்மாவும் வடம் பிடித்திருந்தார். பாய் கையை உயர்த்தினால் இழுப்பார்கள், இறக்கினால் நிறுத்துவார்கள். பாதிக்கு மேல் எழும்பியதும் கோபுரம் தானாகச் சாய்ந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அதற்காகப் பின்பக்கமும் வடம் கட்டியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். கோபுரம் மெதுவாக வந்து நான்கு கால்களிலும் உட்கார்ந்தது. நட்டுகளை முடுக்க ஒரு மணி நேரம் ஆனது. பிறகு பாய் மேலே ஏறிச் சக்கரத்தைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

காற்று பலமாக இல்லை. சக்கரம் நின்று நின்று சுற்றியது. குழாயிலிருந்து முதலில் சேறு, பிறகு கலங்கல், பிறகு தண்ணீர் வந்து தொட்டியில் விழுந்தது. தோட்டத்துக்காரம்மா கையை நீட்டிப் பார்த்தார்.

"மெதுவாத்தான் வருது" என்றார்.

"காத்துக்குத் தக்கந்தாங்க வரும்" என்றார் பாய்.

"வரட்டும்." அந்தம்மா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடை திருப்பப் போய்விட்டார்.

பாய் அஸ்திவாரத்தருகே குந்தி, ஒவ்வொரு காலிலும் பற்று இருக்கும் இடத்தில் காதை வைத்துக் கேட்டார். எதைக் கேட்டார் என்று நான் விசாரிக்கவில்லை. சாயங்கால பஸ்ஸில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்த பாய் இண்டூர் வருவதற்குள் தூங்கிவிட்டார். தருமபுரியில் கண்டக்டர்தான் எழுப்பினார்.