சாம்பிராணி குடித்த கணினி

உடையார்கட்டுக்கு வந்து ‘ரீச்சர் வீடு எது?’ என்று கேட்டால் வேறு யாருடைய வீட்டையாவது காட்டிவிடுவார்கள். ஜெகதீஸ்வரியைத் தேடி வருகிறவர்கள் ‘உழவு மெசின் தவராசா வீடு’ என்று கேட்டால்தான் சரியான படலை வாசலுக்கு வந்து சேரலாம். ஊருக்கு அவள் தவராசாவின் பெண்சாதி. வயல் வேலைக்கு வருகிற பெண்களுக்கு ஈசக்கா. அவளை ரீச்சர் என்று கூப்பிட இந்த உலகத்தில் ஒன்பது பேர்தான் இருந்தார்கள். அந்த ஒன்பது பேரும் நோர்வேயின் வடக்கே ஒரு சின்ன மீன்பிடி ஊரில் வளர்கிற குழந்தைகள்.

ரீச்சர் ஆக வேண்டும் என்பது அவளுக்குச் சின்ன வயது ஆசை. உயர்தரம் நன்றாகவே பாஸ் பண்ணினாள். பிறகு வந்த யுத்த காலம் படிப்பிக்கிற காலமாக இருக்கவில்லை. அகதி முகாமில் தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே பிள்ளைகளைக் கூட்டி வைத்து அவள் சொல்லிக்கொடுத்தாள். ஆனால் அதற்கு நியமனமும் இல்லை, சம்பளமும் இல்லை. ஊர் திரும்பி விண்ணப்பித்தபோது வயது கடந்துவிட்டது என்றார்கள். சும்மா குந்தியிருந்து கடத்திய வயதா அது? ஊரே ஓடிக்கொண்டிருந்தபோது கூட ஓடிய வயது. அதை யாரிடம் போய்ச் சொல்வது? ஜெகதீஸ்வரி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கினாள்.

அவர்களுடைய வயல் வாய்க்காலின் கடைசிக் காணி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்துக்குக் கீழே குடியேறியபோது ஜெகதீஸ்வரியின் தகப்பனுக்குக் கிடைத்த பங்கு அது. கடைசிக் காணிக்காரருக்குத் தண்ணீர் தானாக வருவதில்லை. வராத நாளில் மண்வெட்டியோடு குளத்தில் தண்ணீர் திறந்துவிடுகிற துருசு வரை போய், அங்கிருந்து வாய்க்கால் வழியே இறங்கி நடக்க வேண்டும். எந்த இடத்தில் சருகு அடைத்திருக்கிறது, எந்தப் புண்ணியவான் இரவோடு இரவாக மடையைத் திருப்பிவிட்டிருக்கிறார் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அந்த நடையில் ஜெகதீஸ்வரியை வெல்ல அந்த வட்டாரத்தில் ஆளில்லை.

நோர்வே வகுப்பு வந்தது ஒரு சொந்தக்காரர் வழியாக. அந்த ஊரில் தமிழ்ப் பள்ளிக்கூடம் இல்லை. சனிக்கிழமையில் பிள்ளைகள் எல்லாரும் ஒரு வீட்டில் கூடுவார்கள். அவர்களுக்குக் காலை, இவளுக்கு உச்சி வெயில் சாய்கிற நேரம். கொழும்புக்கு வீடு மாறிப் போன ஒரு குடும்பம் விட்டுப்போன பழைய கணினி, கூடத்தில் நெல் மூட்டைக்கும் சாமிப் படத்துக்கும் நடுவில் நிலத்தில் இடம் பிடித்தது. திரையில் அந்தப் பக்கம் யன்னலுக்கு வெளியே பனி கொட்டும். இந்தப் பக்கம் தகரக் கூரைக்குக் கீழே ரீச்சரின் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். இருந்தாலும் அந்த நேரத்தில் அவளைப் போலச் சந்தோசமான மனிசி வன்னியிலேயே இருந்திருக்க மாட்டாள்.

தவராசாவுக்கும் அந்தப் பெட்டி மேல் மரியாதை. வீட்டுக்குச் சோறு போடுகிற எல்லாவற்றுக்கும் வெள்ளிக்கிழமை பின்னேரம் சாம்பிராணி காட்டுவது அவரது வழக்கம். முதலில் உழவு மெசின், பிறகு தண்ணீர் மோட்டர், பிறகு மோட்டார் சைக்கிள், கடைசியாகக் கணினி. முதல் வெள்ளியே ஒரு அதிசயம் நடந்தது. தட்டைக் கிட்டக் கொண்டுபோனதும் பெட்டி புகையைத் தானாக உள்ளே இழுத்தது. “இஞ்சேர், உன்ர பெட்டிதான் பக்தியோட ஏற்குது. என்ர மெசின் ஒரு நாளும் இப்பிடிச் செய்யேல்லை” என்று தவராசா பூரித்துப்போனார். ஜெகதீஸ்வரியும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அப்படிப் பக்தியாக இருந்த பெட்டி, கொஞ்ச காலத்தில் சண்டித்தனம் பண்ணத் தொடங்கியது. காலையில் பாடம் தயார்ப்படுத்தவென்று பொத்தானை அமத்திவிட்டு முற்றம் கூட்டி, தேத்தண்ணி வைத்து, கோழிக்குத் தீனி போட்டுவிட்டு வந்தாலும் திரை இன்னும் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் பாதி வகுப்பில், ஒரு பிள்ளை வாசித்துக்கொண்டிருக்கும்போதே, திரை பட்டென்று கறுத்துப்போகும். திரும்பப் போட்டு ஏற்றுவதற்குள் அங்கே பிள்ளைகள் பந்து விளையாடப் போயிருப்பார்கள். பிறகு பிறகு அவர்களுக்கே அது பழகிவிட்டது. அந்த நேரம் கிட்டினால், கடைசி வரிசைக் குறும்புக்காரி சாரங்கா முன்கூட்டியே கையை ஆட்டி “போட்டு வாங்கோ ரீச்சர்” என்று வழியனுப்பிவிடுவாள். பிள்ளைகள் சிரிப்பார்கள். ஜெகதீஸ்வரியும் சேர்ந்து சிரிப்பாள். திரை கறுத்த பிறகு அதில் தெரிகிற தன் முகத்தைப் பார்க்க அவளுக்கு அழுகை வரும்.

ஒரு சனிக்கிழமை வகுப்பு அறுந்த கையோடு சாரங்காவின் தகப்பன் தில்லைநாதன் தொலைபேசியில் வந்தார். கோபக்காரர் அல்ல, மெல்லப் பேசுகிற மனிதர். அதனால்தான் இன்னும் வலித்தது.

“ரீச்சர், குறை நினையாதேங்கோ. பிள்ளையளுக்குப் பாடத்தில மனம் நிக்குதில்லை. வாற சனி தாய் தகப்பன் எல்லாரும் இருந்து பாக்கப்போறம். அதிலயும் இப்பிடி அறுந்தால், வேற ஆளைத்தான் பாக்கவேணும்.”

“ஓம் அண்ணை, விளங்குது” என்றாள் ஜெகதீஸ்வரி. தொலைபேசியை வைத்துவிட்டு அப்படியே கதிரையில் இருந்தாள். வகுப்பு போனால் ரீச்சரும் போய்விடுவாள், மிச்சம் தவராசாவின் பெண்சாதி மட்டும்தான்.

திங்கட்கிழமை பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டிப் புதுக்குடியிருப்புக்குக் கொண்டுபோனார்கள். கணினி திருத்துகிற நிஷாந்தனின் கடை குளிரூட்டிய அறை. அங்கே ஏற்றி வைத்ததும் பெட்டி ஒரு முறைகூட நிற்கவில்லை. வீட்டில் காய்ச்சலில் அனத்திய பிள்ளை டொக்டரின் மேசையில் ஏறியதும் சிரிப்பதைப் போல, சாதுவாக ஓடிக்கொண்டிருந்தது.

“அக்கா, இது இஞ்ச நிக்குதில்லையே, நான் எதைப் பிடிச்சுத் திருத்த? ஆனால் வைரஸைத் தடுக்கிற ‘காட்’ மூண்டு போட்டிருக்கிறியள். ஒண்டை ஒண்டு சந்தேகப்பட்டு உள்ளுக்க ஒரே சண்டை. ஒண்டை வைச்சுக்கொண்டு மிச்சத்தைக் கழட்டுங்கோ. தொடங்கேக்க சும்மா எழும்புறதுகளையும் நிப்பாட்டிவிடுங்கோ” என்றான் நிஷாந்தன். எங்கே போய் நிறுத்துவது என்றும் காட்டிக்கொடுத்தான்.

வீட்டுக்கு வந்த ஜெகதீஸ்வரி வாய்க்கால் நடையைத் தொடங்கினாள். துருசிலிருந்து கீழே, ஒவ்வொன்றாக. முதலில் சுவர்ப் பிளக், பிறகு வயர், பிறகு உள்ளே. விடுமுறைக்கு வந்து போன மருமக்கள் ஆளுக்கொரு நினைவுச் சின்னம் விட்டுப்போயிருந்தார்கள். கார் ஓட்டுகிற விளையாட்டு, சாதகம் பார்க்கிற ஒன்று, கலியாண வீடியோ பார்ப்பதற்கென்றே ஒன்று. பொத்தானை அமத்தியதும் இவ்வளவு பேரும் ஒன்றாக எழும்பி ஒரே வாசலால் வெளியே வரப் பார்த்தால் பெட்டி என்ன செய்யும், பாவம். ஒன்றைக் கழற்றுவாள், அணைத்துப் போட்டுப் பார்ப்பாள். பிறகு அடுத்ததைக் கழற்றுவாள். எல்லாம் முடிந்தபோது, தேத்தண்ணிக்குச் சீனி போட்டுக் கலக்கி முடிப்பதற்குள் திரை பளிச்சென்று வந்து நின்றது. ஜெகதீஸ்வரி துள்ளாத குறை.

அந்தச் சந்தோசம் அடுத்த நாள் மத்தியானத்தோடு சரி. வெயில் ஏறியதும் பெட்டி பழையபடி பட்டென்று நின்றது. வேகமாக எழும்பி வேகமாகச் சாகிற பெட்டியால் யாருக்கு என்ன பிரயோசனம்? வெள்ளிக்கிழமை வந்தபோது அவளுக்குச் சோறும் இறங்கவில்லை.

பின்னேரம் தவராசா வழமைபோலச் சாம்பிராணித் தட்டோடு சுற்றி வந்தார். மெசின், மோட்டர், மோட்டார் சைக்கிள் முடிந்து கூடத்துக்கு வந்தார். ஓடிக்கொண்டிருந்த பெட்டிக்கு முன்னால் தட்டைப் பிடித்தார். புகை நேராகக் கூரைக்குப் போனது.

“இப்ப கொஞ்ச நாளா உன்ர பெட்டிக்குப் பக்தி குறைஞ்சுபோச்சு, ஈசு” என்றார் தவராசா. “முந்தி எப்பிடி இழுத்து இழுத்து ஏற்கும். இப்ப திரும்பியும் பாக்குதில்லை.”

சாமிப் படத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்த ஜெகதீஸ்வரி கையை அப்படியே விட்டாள்.

“என்ன சொன்னனீங்கள்? திருப்பிப் பிடியுங்கோ பாப்பம்.”

பிடித்தார். புகை பெட்டியைத் தொடவேயில்லை. முன்பக்கம் உள்ளே போக வேண்டிய காற்று போகவில்லை. ஓடிப் போய்ப் பின்பக்கம் கையை வைத்தாள். வெளியே வர வேண்டிய காற்றும் இல்லை. பக்கத் தகட்டைத் தொட்டால் தோசைக் கல்லுப் போலச் சுட்டது. உள்ளே காத்தாடி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“இஞ்சேருங்கோ, வாய்க்கால் அடைச்சுப்போய்க் கிடக்குது! பக்தியும் இல்லை ஒண்டும் இல்லை, இதுக்கு மூச்சு முட்டுது! நிஷாந்தன்ர குளிருக்க நிக்காமல் ஓடினது அதுதான்!”

அடுத்த நிமிடம் பெட்டி பிளக்கிலிருந்து கழன்று முற்றத்துக்கு வந்தது. நன்றாக ஆறவிட்டு, உழவு மெசின் கழற்றுகிற சாவிகளுக்குள் பொருத்தமான ஒன்றைத் தேடித் திருகாணியைக் கழற்றினாள். மூடியைத் திறந்ததும் இருவரும் குனிந்து பார்த்தார்கள். காத்தாடிக்குக் கீழே இருந்த உலோகத் தகடுகளின் இடுக்கு முழுக்கக் கறுப்பாக, பிசுபிசுவென்று, பழைய தலையணைப் பஞ்சு மாதிரி ஏதோ அடைந்து கிடந்தது. நெல் மூட்டைத் தூசியும் ரோட்டுக் கிரவல் மண் தூசியும் உள்ளே வந்திருந்தன. அதை அப்படியே பிடித்து ஒட்டி வைத்தது சாம்பிராணிப் பிசின். அதன் மேல் மூக்கை வைத்தால் இன்னும் கோயில் வாசம்.

தவராசாவின் முகம் சுருங்கிவிட்டது. “அப்ப நான்தானோ இதின்ர மூச்சை அடைச்சனான்?”

“தனிய இல்லை. நானும் பக்கத்தில நிண்டு கன்னத்தில போட்டனான்தானே” என்றாள் ஜெகதீஸ்வரி. அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தவராசாவும் சிரித்தார்.

காத்தாடி சுழன்றுவிடாமல் இடையில் ஈர்க்குச் செருகினாள். பெயின்ற் அடிக்கிற தூரிகையால் தட்டித் தட்டி எடுத்தாள். தவராசா சைக்கிள் பம்பால் காற்றடித்தார். பிசின் விடாத இடத்தைப் பழைய பல் துலக்கியில் ஸ்பிரிற்றுத் தொட்டு உரஞ்சினாள். இருட்டுப்படும் முன் தகடுகள் பளபளத்தன. பெட்டி நெல் மூட்டைகளை விட்டுத் தள்ளி, நிலத்திலிருந்து எழுந்து, ஒரு கதிரையில் ஏறி உட்கார்ந்தது. போட்டுவிட்டுப் பின்னால் கையை வைத்தாள். முகத்தில் அடிக்கிற மாதிரிக் காற்று வந்தது.

“இனி இதைக் கும்பிட்டால் காணும். புகை காட்டுறதெல்லாம் உங்கட மெசினுக்கு” என்றாள்.

சனிக்கிழமை வெயில் வஞ்சகமில்லாமல் எரித்தது. திரையில் ஒன்பது பிள்ளைகளுக்குப் பின்னால் தாய் தகப்பன்மார் சோபாவில் வரிசையாக இருந்தார்கள். தில்லைநாதன் கை கட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பிள்ளையும் தானே ஒரு கதை செய்து சொல்ல வேண்டும் என்பது பாடம். ஒருவன் தகப்பனின் மீன்பிடிப் படகைப் பற்றிச் சொன்னான். இன்னொருத்தி சப்பாத்தைத் தொலைத்த பனிமனிதனைப் பற்றிச் சொன்னாள். ஜெகதீஸ்வரி சிரித்தாள், திருத்தினாள், கை தட்டினாள். இடையிடையே பெட்டிக்குப் பின்னால் கையை நீட்டிக் காற்று வருகிறதா என்று பார்த்தாள்.

சாரங்காவின் முறை வந்தது. அதுதான் வழக்கமாகப் பெட்டி நிற்கிற நேரம். சாரங்கா கதையைத் தொடங்கி, ஒரு வசனம் சொல்லிவிட்டு நிறுத்தினாள். பழக்கத்தில் கையைத் தூக்கி ஆட்டத் தயாரானாள். காத்திருந்தாள். திரை அசையவில்லை.

“ரீச்சர், நீங்க இண்டைக்குப் போகேல்லையா?”

சோபாவில் எல்லாரும் சிரித்தார்கள். தில்லைநாதன்கூடக் கட்டிய கையை அவிழ்த்தார். ஜெகதீஸ்வரி திரைக்குக் கிட்ட நகர்ந்து இருந்தாள்.

“இல்லையம்மா. நான் ஒரு இடமும் போகேல்லை. நீ ஆறுதலா முழுக்கச் சொல்லு, நான் கேக்கிறன்.”

சாரங்கா முழுக்கச் சொன்னாள். அவளுக்குப் பிறகு இருந்தவர்களும் சொன்னார்கள். வகுப்பு முடிகிற நேரம் கடந்தும் பிள்ளைகள் எழும்பவில்லை. “வாற சனியும் இதே நேரம்தானே, ரீச்சர்?” என்று தில்லைநாதன் கேட்டார்.

“ஓம் அண்ணை. இதே நேரம்தான்.”

அந்த நேரம் படலையில் அப்புத்துரையின் குரல் கேட்டது. நெல் விதைக்க உழவு மெசின் கேட்டு வந்திருந்தவர் வழமைபோல ஊருக்கே கேட்கிற மாதிரிக் கூப்பிட்டார். தவராசா முற்றத்தால் ஓடிப் போனார். யன்னலுக்கு வெளியே அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னது ஜெகதீஸ்வரிக்குத் தெளிவாகக் கேட்டது.

“சத்தம் போடாதை அப்புத்துரை. உள்ளுக்க ரீச்சர் படிப்பிக்கிறா.”

“ரீச்சரோ? எந்த ரீச்சர்?”

“எங்கட ரீச்சர்தான்” என்றார் தவராசா.