கடலுக்குக் காய்ச்சல் பார்ப்பவர்

முதல் இரண்டு வாளித் தண்ணீரை டாயெங் நொம்போ கடலிலேயே கொட்டிவிடுகிறார். வாளி கடலின் சூட்டுக்குப் பழக வேண்டுமாம். மூன்றாவது வாளி மேலே வந்ததும் மண்டியிட்டு, நீரின் கனத்தைக் காட்டும் கண்ணாடி மிதவையை அதில் மெல்ல விடுகிறார். அது ஆடி அடங்கும்வரை பேசுகிறவர்களை முறைப்பார்.

மக்காசர் துறைமுகத்துக்கு வரும் கப்பலில் எத்தனை டன் சரக்கு என்று சொல்வது அவர் தொழில். கப்பல் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது, அதைத் தாங்கும் நீர் எவ்வளவு கனம் என்று பார்த்துக் கணக்குப் போடுவார்.

"தண்ணி சூடானா உப்பி லேசாயிரும். வாளித் தண்ணி லேசானா, கப்பலும் லேசுன்னு கணக்கு பொய் சொல்லும்," என்பார்.

"கடலுக்குக் கருவி வச்சுக் காய்ச்சல் பாக்குறவரு, பெத்த புள்ளைக்குக் காய்ச்சல்னா கையால தொட்டுப் பாத்துட்டுக் கெளம்பிருவாரு," என்பாள் அவர் மனைவி சைனாப்.

போன வருடம் மாவு ஆலைக்குக் கோதுமைக் கப்பல் வந்தது. அளக்க அவரை அமர்த்தியதும் ஆலைதான். ஆலையின் ஆள் ருஸ்டாம் முன்கூட்டியே தண்ணீர் மொண்டு, வெயிலில் கொதிக்கும் கப்பலின் இரும்புத் தளத்தில் வாளியை வைத்திருந்தான். அதில் அளந்தால் கணக்கில் கோதுமை நூற்றறுபது டன் குறையும். பழியை விற்றவன் தலையில் கட்டி, அதற்கான பணத்தைப் பிடித்துக்கொள்ளலாம்.

"எதுக்கு டாயெங் சிரமம்? தண்ணி ரெடி."

நொம்போ விரலை விட்டுப் பார்த்தார். "இதுல காப்பி போடலாம் தம்பி." வாளியைக் கவிழ்த்தார்.

"உங்களுக்குக் கூலி குடுக்கறது யாரு?"

"நீங்கதான். அது கடலுக்குத் தெரியாதே."

அதன்பின் ஐந்து மாதம் யாரும் கூப்பிடவில்லை. சைனாப் வாசலில் வாழைக்காய் பொரித்து விற்றாள். எண்ணெய் காய்ந்ததா என்று எட்டிப் பார்த்து இவர் திட்டு வாங்கினார்.

பிறகு ஆலை தவிடு ஏற்றுமதி செய்தது. புதிய அளவுக்காரர் பழக்கதோஷத்தில் வெயில் வாளியிலேயே அளந்தார். இந்த முறை சரக்கு ஆலையுடையது. அறுபது டன் தவிடு கணக்கில் வராமலே கப்பலேறிப் போயிற்று.

ருஸ்டாம் வீடு தேடி வந்தான். "பழச மனசுல வச்சுக்காதீங்க டாயெங். எங்களுக்கு நியாயமான தண்ணி வேணும்."

"அப்ப கடல் நம்ம பக்கம் வந்துருச்சுன்னு சொல்லு," என்று சட்டையை மாட்டினார் நொம்போ.

அன்று உச்சி வெயில். ருஸ்டாமே வாளிக்குக் குடை பிடித்தான். மண்டியிட்டிருந்தவரின் வழுக்கைத் தலை வியர்ப்பதைப் பார்த்து, மரியாதையாகக் குடையை அவர் பக்கம் சாய்த்தான். மிதவையிலிருந்து கண்ணை எடுக்காமல், நொம்போ ஒற்றை விரலால் அதைத் திரும்ப வாளியின் மேல் தள்ளினார்.